பெங்களூரு இளைஞர்கள் ஓட்டுப் போடுவதில்லையா? முதலில் பட்டியலைப் பாருங்கள்

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தல் நாள். பதிவான ஓட்டு பெங்களூரு தெற்கில் 53.17 சதவீதம், மத்தியில் 54.06, வடக்கில் 54.45. அன்றே ஓட்டுப் போட்ட பெங்களூரு ஊரகத் தொகுதி 68-ஐத் தாண்டியது. ‘ஐடி பசங்க மூணு நாள் லீவுக்கு ஊட்டிக்குப் போயிட்டாங்க’ என்று அல்சூர் முதல் ஈஜிபுரா வரை தீர்ப்பு எழுதியாயிற்று.

அந்த எண்களில் வயதே கிடையாது. தேர்தல் ஆணையம் பதிவான ஓட்டை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்றுதான் பிரித்துத் தருகிறது. பூத்தில் நாம் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் வயதுக்குக் கட்டம் இல்லை. வாக்காளர் பட்டியலில் வயது உண்டு, வந்தவர் பெயருக்குக் கோடும் போடுவார்கள். ஆனால் மாலையில் அது சீல் வைத்த உறைக்குள் போய்விடும்.

சதவீதக் கணக்கில் கீழே வகுக்கும் எண்ணை, அதாவது பட்டியலில் உள்ள பெயர்களைப் பாருங்கள். ஒரு பூத்துக்கான பட்டியலில் 1,200 பெயர், 600 ஓட்டு விழுந்தது என்று வையுங்கள்: 50 சதவீதம். அந்த 1,200-ல் 200 பேர் வீடு மாறியவர்களும் இறந்தவர்களும் என்றால், உண்மையில் 60 சதவீதம். இந்தப் பிழை எல்லா வயதிலும் சமமாக விழாது. 11 மாத ஒப்பந்தத்துக்கு ஒரு வீடு என்று மாறும் இருபதுகள் ஒரு முனை, இறப்புக்குப் பின்னும் நீக்கப்படாத முதியவர்கள் மறுமுனை. நடுவயதுப் பகுதிதான் ஓரளவு சுத்தம். 18–19 வயது வேறு கதை. 2024-ல் நாடு முழுக்கப் பட்டியலில் இருந்த அந்த வயதினர் சுமார் 1.8 கோடி, அந்த வயதில் இருப்பவர்களில் பாதிகூட இல்லை. பதியாதவர் சதவீதக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. ஆர்வமாகப் பதிந்தவர்கள் மட்டுமே எண்ணப்படுவதால் அந்த வயதின் விகிதம் இருப்பதைவிட நன்றாகவே தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு வந்த நம்மவர்கள் செய்யும் தப்பு இன்னொன்று. கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ பெயர் இருக்க, இங்கே படிவம் 6 கொடுத்துவிடுவார்கள். அது புதிதாகச் சேர்பவருக்கு மட்டும். வேறெங்கும் பெயர் இல்லை என்று அதில் கையெழுத்திடுகிறோம். பொய் என்றால் 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. இடம் மாறியவருக்கு உரியது படிவம் 8. வேறு தொகுதி என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தால் பழைய பெயர் நீங்கிப் புது இடத்தில் சேரும். பிஜி விடுதியில் (பேயிங் கெஸ்ட்டாக) இருப்பவர்கள் மாட்டுவது முகவரிச் சான்றில்: வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதாது. அது இல்லையென்றால் புது முகவரியுள்ள ஆதாரோ வங்கிப் பாஸ்புக்கோ கொடுங்கள். பிஎல்ஓ (பூத்தின் பட்டியலைக் கவனிக்கும் அலுவலர்) விசாரிக்க வரும் நேரத்தில் நீங்கள் ஆபீசில் இருந்து, போனையும் எடுக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். 18 ஆகப்போகும் பிள்ளைகள் 17 முடிந்ததுமே படிவம் 6 கொடுக்கலாம். 18 நிறைந்திருக்க வேண்டிய தகுதி நாள் இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள்.

85 கடந்தவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டு உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் அதற்கான படிவம் 12டி கொடுக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் பட்டியலில் பெயருக்கு நேரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். ஓட்டு வாங்க தேர்தல் குழு வரும்போது தாத்தா மகள் வீட்டில் இருந்தால் இன்னொரு முறை வருவார்கள், அவ்வளவுதான். பிறகு பூத்துக்குக் கூட்டிப்போனாலும் போட முடியாது. மெதுவாகவேனும் நடக்கக்கூடியவர் என்றால் பூத்தே மேல் என்பது என் கருத்து.

யாருக்குப் போட்டார்கள் என்பது இன்னும் சிக்கல். ரகசிய ஓட்டு என்பதால் தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு ஒன்றுதான் வழி. 2014-ல் முதல் முறை வாக்காளர்கள் பாஜக பக்கம் சராசரியைவிடக் கூடுதலாகச் சாய்ந்ததாக, தேர்தல்களை ஆராயும் லோக்நீதி அமைப்பின் ஆய்வு காட்டியது. அதை ‘இளமையின் குணம்’ என்று எடுத்துக்கொள்வது அவசரம். அன்றைய 20 வயதுக்காரர் இன்று முப்பதைத் தாண்டியவர். அவர் அதே கட்சியில் நிற்கிறாரா, இன்றைய 20 வயதுக்காரரும் அப்படியா என்று இரண்டையும் பார்த்தால்தான் வயதா, தலைமுறையா, அந்தத் தேர்தலின் காற்றா என்று பிரிக்க முடியும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தை இந்த நகரில் பார்த்த தமிழரையும், இங்கேயே கன்னடம் படித்து வளர்ந்த அவர் பேத்தியையும் வெறும் 65 வயது, 22 வயது என்று அட்டவணையில் போட்டால் பாதி விஷயம் போய்விடும்.

எனவே கணிப்பைப் பார்த்தால் வயதுக்கட்டத்தில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். 500 பேரைக் கேட்டதில் 18–25 வயதினர் 75 பேர் என்றால், பிழை வரம்பு (உண்மை நிலை கணிப்பிலிருந்து விலகக்கூடிய அளவு) இருபக்கமும் 11 புள்ளி. ஒரு கட்சிக்கு 45, இன்னொன்றுக்கு 38 என்றால் யார் முன்னால் என்றே சொல்ல முடியாது. போதாததற்கு, வீட்டுக்கதவைத் தட்டும் ஆய்வாளருக்குப் பகலில் கிடைக்காதவர்களும் இதே வயதினர்தான். ஓட்டுப் போடாமலே போட்டதாகச் சொல்பவர்களோ எல்லா வயதிலும் உண்டு.