பங்காளிகளோடு ஒரு பிரதோஷம்

அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது, அது அப்படியே தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மதுரைக்குப் பக்கத்தில் யானைமலை அடியில் இருக்கும் நரசிங்கப் பெருமாள் கோயிலுக்குப் பிரதோஷத்தன்று போய் துளசி மாலை சாத்தி, பானகம் வைத்துக் கும்பிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இரண்டு மகன்களும் கூட வர வேண்டும் என்று சேர்த்து வேண்டிக்கொண்டிருக்கிறாள். இடித்தது அதுதான். நானும் அண்ணனும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் இருப்பதுதான். மேலூர் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. "வடக்கே பெரியவனுக்கு, தெற்கே சின்னவனுக்கு, கிணறு பொது" என்று அப்பா வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், எழுதிப் பதியவில்லை. அளந்து பார்த்தால் என் பக்கம் ஆறு சென்ட் கூடுதலாக வருகிறது. அண்ணன் கேட்டான், நான் சூடாக ஒன்று சொன்னேன், அண்ணி ஒன்று சொன்னார், அப்புறம் பேச்சே இல்லை. மோட்டார் மட்டும் முறை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, அம்மா ஒரு பிரதோஷத்தைக் குறித்துவிட்டாள். அண்ணன் சாயங்காலம் நேராக நரசிங்கத்துக்கு வண்டியில் வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினான். நானும் அம்மாவும் காலையிலேயே கிளம்பி முதலில் மீனாட்சியைப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. மதுரைக்குள் வந்துவிட்டு அவளைப் பார்க்காமல் வேறு சாமியைப் பார்க்கப் போவது அம்மாவைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு.

செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். கூட்டம் அதிகமில்லை. அம்மன் சன்னதியில் அம்மா என்ன கேட்டாளோ தெரியாது, உதடு மட்டும் ரொம்ப நேரம் அசைந்துகொண்டிருந்தது. முக்குறுணிப் பிள்ளையாரிடம் குட்டிக்கொண்டு சுவாமி சன்னதிக்கு வந்து தரிசனம் முடித்துச் சுற்றி வரும்போதுதான் அந்தச் சிதைந்த லிங்கத்தின் முன்னால் நின்றாள். எத்தனையோ தடவை நாங்கள் இருவருமே அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். மேற்பரப்பு முழுக்கக் கொத்துப்பட்டு, மழையில் கரைந்த மண் மாதிரி இருக்கும்.

"இது ஏன்டா இப்படி இருக்கு?"

கோயிலில் வழிவழியாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். வடக்கிலிருந்து படை வந்தபோது கருவறைச் சுவாமியை மூடி மணலைக் கொட்டி, முன்னால் சுவரெழுப்பி, அர்த்த மண்டபத்தில் வேறொரு லிங்கத்தை மூலவர்போல வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் அதைத்தான் உடைத்தார்கள். அப்புறம் 48 வருஷம் பூசை இல்லை. விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து திறந்தபோது, அன்றைக்குச் சாத்திய பூ வாடாமலும் ஏற்றிய விளக்கு அணையாமலும் இருந்ததாம்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாரு விட்டா அவங்கள உள்ள? ராசா இல்லையா அப்ப?"

"ராசா ரெண்டு பேரும்மா. அண்ணன் தம்பி. அதான் பிரச்சினை."

அங்கே நின்று முழுதாகச் சொல்ல முடியவில்லை, பின்னாலிருந்து தள்ளினார்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்துதான் மீதியைச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் 'மாலிக் காபூர் படையெடுப்பு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டோம், அந்த வரிக்குள் ஒரு முழுப் பங்காளிச் சண்டை இருக்கிறது.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268ல் பட்டத்துக்கு வந்தவன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டான். இலங்கை வரை படை போனது, காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கின, கஜானா நிரம்பி வழிந்தது. அவனுக்குச் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்று இரண்டு பிள்ளைகள். சுந்தரன் பட்டத்து ராணி மகன், வீரன் வேறொருத்தி மகன் என்று பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அப்பாவுக்கு வீரன் மேல்தான் பிரியம். ஆட்சியில் பங்கு கொடுக்கும்போதும் வீரனுக்கு முதலில், 1297 வாக்கில், சுந்தரனுக்கு ஐந்தாறு வருஷம் கழித்து, 1303 வாக்கில். பாண்டியர்களிடம் ஒரே நேரத்தில் பல பேர் அரசர் என்று பட்டம் சூடி ஆளுக்கொரு பக்கம் ஆள்வது பழைய பழக்கம்தான், பஞ்சபாண்டியர் என்றே சொல்வார்கள். ஆனால் யார் மூத்த பங்கு, யாருக்கு மதுரை என்பதை அப்பன் தெளிவாகச் சொல்லாமல் விட்டால் அது பழக்கமாக நிற்காது, வெட்டுக்குத்தில்தான் போய் நிற்கும்.

1310ல் சுந்தரன் அப்பனையே கொன்றுவிட்டு மதுரையில் முடிசூட்டிக்கொண்டதாக வஸ்ஸாஃப் சொல்கிறார். அண்ணன் தம்பி இருவரும் மோத, நாடு இரண்டாயிற்று. இந்தக் கூத்தைப் பார்த்த கர்நாடகத்து ஹொய்சள ராசா வல்லாளன், நமக்கும் நாலு ஊர் கிடைக்காதா என்று தெற்கே கிளம்பினான். அவன் இந்தப் பக்கம் வந்த நேரத்தில் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் அவன் தலைநகர் துவாரசமுத்திரத்துக்கே வந்துவிட, அலறியடித்துக்கொண்டு திரும்பிப் போய்ப் பணிந்தான். கடைசியில் காபூர் படைக்குத் தமிழ்நாட்டு வழியைக் காட்டிக் கூட்டி வந்ததும் அவனேதான். அடுத்த வீட்டுப் பங்குச் சண்டையில் லாபம் பார்க்கப் போனவன் கதை அப்படி.

1311 ஏப்ரலில் காபூர் மதுரைக்குள் வந்தபோது சுந்தரன் ஊரில் இல்லை. கோயிலில் இரண்டு மூன்று யானைகள் மட்டும் நின்றனவாம், அந்த ஆத்திரத்தில் கோயிலுக்குத் தீ வைத்தான் என்று டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதியிருக்கிறார். படை திரும்பும்போது கொண்டுபோன யானைகள் 512 என்பதும் அவர் கணக்கு. சுந்தரனே டெல்லியிடம் அடைக்கலம் தேடி ஓடியதாக வஸ்ஸாஃப் சொல்வதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. காபூர் இரண்டு பேர் ஊரையும் சேர்த்துத்தான் சூறையாடினான், அப்படிப் பார்த்தால் அழைத்து வந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

எனக்கு ஆறாதது அதற்கப்புறம் நடந்ததுதான். காபூர் அதே மாசமே கிளம்பிவிட்டான். ஊர் எரிந்து கிடக்கிறது. அப்போதாவது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேசவில்லை! சண்டை தொடர்ந்தது. கேரளத்து வேணாட்டு ராசா ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிபுரம் வரை போனான், வாரங்கல்லிலிருந்து காகதீயர் படை வந்தது, 1323ல் மறுபடி டெல்லிப் படை வந்தது, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மதுரையில் சுல்தான்கள் ஆட்சியே அமைந்துவிட்டது. பாண்டியர்கள் தென்காசிப் பக்கம் ஒதுங்கினார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே வயிறா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. அப்பா ஒண்ணு, அம்மா வேற."

"அதானே பார்த்தேன்" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அந்தத் தொனியில் எனக்கும் ஒரு குத்து இருந்தது.

சாப்பிட்டுவிட்டு மாட்டுத்தாவணி போய் மேலூர் பஸ் ஏறினோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மார்க்கோ போலோ கதையை ஆரம்பித்தேன். குலசேகரன் காலத்தில் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். இங்கே ஐந்து அரசர்கள், ஐந்து பேரும் கூடப்பிறந்தவர்கள், அடிக்கடி சண்டைக்குக் கிளம்புவார்கள் என்று எழுதுகிறார். கிளம்பும்போதெல்லாம் அவர்கள் தாய் நடுவில் வந்து கத்தியை எடுத்துக்கொண்டு, நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன் என்பாளாம், உடனே நிறுத்திவிடுவார்களாம்.

"அந்த ஆத்தா செத்த பெறகு?"

"செத்த பிறகு கண்டிப்பா அடிச்சுக்கிட்டு அழிவாங்கன்னு அவரே எழுதி வச்சிருக்காரும்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹைகோர்ட் கிளைக் கட்டடம் வரும்வரை பேசவில்லை. 2004லிருந்து அது அங்கே இருக்கிறது, அதைத் தாண்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் கையில் கட்டோடு இறங்குவார், அன்றைக்கும் இறங்கினார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம சொக்கரே ஒருக்கா வக்கீலா வந்தாரே, தெரியுமா?" என்றாள். திருவிளையாடலில் மாமனாக வந்து வழக்குரைத்த படலம். பிள்ளையில்லாத தனபதி என்ற வணிகன் தங்கை மகனைச் சுவீகாரம் எடுத்து, சொத்தையெல்லாம் அவனுக்கே கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போய்விடுகிறான். தாயாதிகள் அத்தனையையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். தங்கை போய்ச் சொக்கநாதர் முன்னால் அழ, சொக்கர் அந்த மாமன் உருவத்திலேயே சபைக்கு வந்து, சொத்தில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வழக்கை ஜெயித்துக் கொடுக்கிறார். "வீட்டுக்கு ஒரு தாய்மாமன் இருந்திருந்தா நமக்கு இந்தக் கதியே இல்ல" என்று முடித்தாள். எங்களுக்குத் தாய்மாமன் இல்லை.

ஒத்தக்கடையில் இறங்கினால் யானைமலை மேலே வந்து நிற்கும். தூரத்தில் பார்த்தால்தான் படுத்த யானை, கிட்டே போகப் போக வெறும் பாறைச் சுவர். சமணர்கள் ஏவிய யானையைச் சொக்கர் நரசிங்கக் கணை விட்டு வீழ்த்த, அதுவே மலையானது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஷேர் ஆட்டோவில் நரசிங்கம் போய்ச் சேர்ந்தபோது நாலரை. வெயில் இறங்கவில்லை, ஆனால் பிரதோஷக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெருமாள் கோயிலில் பிரதோஷமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நரசிம்மர் தோன்றியதே அந்த அந்தி நேரத்தில்தான்.

அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தான். செருப்பு விடும் இடத்தில் நின்று, "வாம்மா" என்றான். என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். நானும் ஆட்டினேன். வரிசையில் அம்மா நடுவில், அவன் முன்னால், நான் பின்னால்.

கருவறை மலையைக் குடைந்தது. யோக நரசிம்மர் பெரிய திருமேனி, பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளே நிற்கும்போது எண்ணெயும் துளசியும் கலந்த ஒரு குளிர்ச்சி. ஆரத்தி வெளிச்சம் அந்த முகத்தில் ஏறியபோது அம்மா சத்தமாகவே அழுதாள், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அந்த நேரத்தில் எனக்கு ஆறு சென்ட் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது.

இந்தக் கோயிலுக்கு நான் வர ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணம் இங்குள்ள கல்வெட்டு. கலியுகம் 3871, அதாவது கி.பி. 770. கிரந்தத்தில் வடமொழியிலும் வட்டெழுத்தில் தமிழிலும் இருக்கிறது. வட்டெழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது, அச்சில் வந்த பாடத்தைத்தான் படித்திருக்கிறேன். மாறஞ்சடையன் என்ற பாண்டியனுக்கு உத்தரமந்திரியாக, அதாவது தலைமை அமைச்சனாக இருந்த மாறன் காரி இந்தக் கற்றளியை, கல் கோயிலைச் செய்தான். 'நீர்த்தெளியாதே', அதாவது குடமுழுக்குச் செய்யாமலே, சொர்க்கம் போய்விட்டான். அப்புறம் 'அவனுக்கு அநுஜன்', தம்பி மாறன் எயினன், அதே உத்தரமந்திரிப் பதவிக்கு வந்தான், முகமண்டபம் கட்டி, நீர் தெளித்துக் கோயிலை முடித்து வைத்தான்.

அண்ணன் பதவியும் கையில், அண்ணன் அரைகுறையாக விட்ட கோயிலும் கையில். முழுதும் நான் கட்டினேன் என்று வெட்டிக்கொண்டிருந்தாலும் கேட்க ஆளிருந்திருக்காது. அண்ணன் செய்தது இவ்வளவு, நான் செய்தது இவ்வளவு என்று பிரித்து, அண்ணன் பெயரை முதலில் வெட்டியிருக்கிறான். நான் பார்த்ததில் இவ்வளவு சுத்தமான பாகப்பிரிவினைப் பத்திரம் வேறில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்றது அண்ணன்தான். சொல்லவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா வீட்டிலிருந்தே பனைவெல்லம், சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டுப் பானகம் கரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். சாமிக்கு வைத்து வாங்கியதில் மிச்சம் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. இருந்தது ஒரே டம்ளர். அண்ணனிடம் நீட்டினாள், அவன் பாதி குடித்துவிட்டு அவளிடம் கொடுத்தான், அவள் அதை என்னிடம் கொடுத்தாள். அண்ணாந்து குடிக்கத்தான் குடித்தேன், ஆனாலும் சின்ன வயசில் ஒரே டம்ளருக்கு இரண்டு பேரும் மல்லுக்கட்டி அதைக் கொட்டி, அப்பாவிடம் வாங்கிய அடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அடியில் சுக்குத்தூள் காரமாகத் தங்கியிருந்தது.

கிளம்பும்போது அம்மா அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டாள். பை, தூக்குவாளி எல்லாம் என்னிடம். அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, என்னைப் பார்க்காமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னான்.

"மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. கட்டக் குடுத்திருக்கேன்."

"எப்ப?"

"முந்தாநாளு. என் முறையிலதான் எரிஞ்சுச்சு."

"எவ்வளவு கேக்குறான்?"

தொகையைச் சொன்னான்.

"பாதிய நாளைக்குக் கொண்டாந்து தாரேன்ணே" என்றேன்.

"கடைக்கு நேரா வா" என்றுவிட்டு வண்டியை எடுத்தான். அம்மா பின்னால் திரும்பி, தூக்குவாளி மூடியைக் கோயிலிலேயே விட்டுவிட்டோமா என்று கையால் கேட்டாள். பார்த்தேன், அவள் சொன்னது சரி. திரும்ப உள்ளே போனேன்.