முதல் இலக்கம் மூன்றா, ஒன்றா?

அக்காள் மகன் மிச்சிகனிலிருந்து அவன் காரின் கார்புரேட்டரை (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) படம் எடுத்து அனுப்பினான். அதை மூன்று நாள் பார்த்தும் அதில் அடித்த தேதி எண்ணின் முதல் இலக்கம் பிடிபடவில்லை. மூன்று என்றால் மூன்று, ஒன்று என்றால் ஒன்று. கார்புரேட்டரின் பக்கச் சுவரில் செங்குத்தாக அடித்த நான்கு இலக்கங்கள்: பின்னால் வரும் 149 தெளிவாக இருக்கிறது. முன்னால் நிற்பதுதான் வம்பு.

அவனிடம் இருப்பது செவ்ரோலே நிறுவனத்தின் பந்தய பாணிக் கார், 1969 கார்வெட். 350 கன அங்குல எஞ்சின், 300 குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர். அதை என்.சி.ஆர்.எஸ். மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறான். 1974இல் தொடங்கிய கார்வெட் சங்கம் அது. செயின்ட் லூயிஸ் ஆலையை விட்டு வெளியே வந்த அன்று கார் எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறதா என்று பாகம் பாகமாகப் பார்ப்பார்கள். பொள்ளாச்சிப் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகள் அம்பாசடர், பத்மினி கார்புரேட்டர்களைக் கழற்றி மாட்டியவன் நான். அதனால், "மாமா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கொழிஞ்சாம்பாறைக்குப் படம் வந்துவிட்டது.

அவன் காரில் இருப்பது ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் என்ற கார்புரேட்டர். அதில் இரண்டு எண்கள் உண்டு. பெரியது 7029203. நான்காவதாக வரும் 9, 1969ஆம் ஆண்டைச் சொல்கிறது. ஆறாவதாக வரும் 0 செவ்ரோலேயைச் சொல்கிறது. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்பதால் கை கியர். இது அவன் காருக்குப் பொருந்துகிறது. சிறிய எண்தான் தேதி: முதல் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள், கடைசி இலக்கம் ஆண்டு. 1149 என்றால் 114ஆம் நாள், ஏப்ரல் 24, 1969. 3149 என்றால் 314ஆம் நாள், நவம்பர் 10. மாதக் கடைசி வரையான நாட்களை (31, 59, 90, 120...) தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். 1968 நெட்டாண்டு என்பதால் அந்த ஆண்டுக்கு மட்டும் பிப்ரவரிக்குப் பிறகு ஒன்று கூட்ட வேண்டும்.

எஞ்சினில் V0514HY என்று இருக்கிறது. பிளின்ட் ஆலையில் (V) மே 14 அன்று (0514) கட்டிய எஞ்சின். ஏப்ரல் கார்புரேட்டர் என்றால் இருபது நாள் இடைவெளி, அருமையான பொருத்தம். நவம்பர் என்றால் எஞ்சின் பிறந்து ஆறு மாதம் கழித்துப் பிறந்தது, எப்படியும் சேராது.

எண்ணைத் திருத்தியிருப்பார்களோ என்ற சந்தேகமும் இருந்தது. திருத்தினால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் எதைச் சொல்வது? உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் உடைந்த சோலெக்ஸ் கார்புரேட்டர் ஒன்று வாங்கினேன். அதன் உடலும் துத்தநாகக் கலவை வார்ப்புதான். திண்ணையில் வைத்து ஓர் இடத்தை அரத்தால் இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, எண் அடிக்கும் அச்சால் நான்கு இலக்கம் அடித்தேன். ஆடிக்காற்று தூளைக் கண்ணில் அடித்ததால் பிறகு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. வார்ப்பின் மேல்தோலில் இருக்கும் மணல் போன்ற நெருநெருப்பு, இழைத்த இடத்தில் அடியோடு போய்விட்டது. அந்த இடம் லேசாகக் குழிந்து, தண்ணீர் நின்ற தரை போல ஒளியை வேறு மாதிரி திருப்புகிறது. புதிதாக அடித்த இலக்கத்தைச் சுற்றி உலோகம் பிதுங்கி விளிம்பு கட்டியிருக்கிறது. நகத்தால் வருடினால் தட்டுகிறது. இலக்கங்கள் ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாக விழுந்ததை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆலையில் அடித்ததும் எல்லாம் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை.

இதே சாய்ந்த வெளிச்சத்தில் நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுக்கச் சொன்னேன். வந்த படங்களில் இலக்கங்களுக்கு இடையே நெருநெருப்பு அப்படியே இருக்கிறது. பள்ளத்தின் அடியிலும் பழைய பொன்னிறப் பூச்சு ஒட்டியிருக்கிறது. யாரும் கை வைக்கவில்லை. முதல் இலக்கம் மூன்றேதான்; மேல் வளைவில் அழுக்கு அடைந்து ஒன்றாகக் காட்டியிருக்கிறது.

1969 மாடல் கார்வெட் அந்த ஆண்டு டிசம்பர் வரை ஆலையில் ஓடியது. ஆகவே நவம்பரில் செய்த 7029203 பொய்யல்ல. அசல் சரக்குதான், வேறு காருக்கு உரியது.

சொன்னதும் அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, உதிரிபாகம் விற்கும் ஒருவர் மூன்றை ஒன்றாக மாற்றித் தருவதாகச் சொன்னதைச் சொன்னான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகத் தன் தேதியை உண்மையாகச் சுமந்து வந்த பொருள் அது. "அதை அரத்தால் தொட்டாயானால் இனி என்னிடம் படம் அனுப்பாதே" என்றேன். "இல்லை மாமா, தொட மாட்டேன்" என்றான். மதிப்பீட்டில் புள்ளி குறைந்தாலும் இப்போதைக்கு அதையே மாட்டிவைத்திருக்கிறான். வண்டி நன்றாக ஓடுகிறது.

நேற்று இன்னொரு குவாட்ராஜெட் விலைக்கு வந்திருக்கிறது என்று எண்ணை மட்டும் அனுப்பினான்: 7029203, கீழே 0989. தொண்ணூற்றெட்டாம் நாள், ஏப்ரல் 8. கணக்குச் சரியாக வருகிறது. பணம் கொடுப்பதற்கு முன் டார்ச்சைச் சாய்த்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.