பீப் சத்தத்தை நம்பிய கதை

யூபிஎஸ் சர்வீஸ் என் தொழில், ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோ செட்டில் மற்றவர்களோடு பேசுவது) பொழுதுபோக்கு. தொழிலில் மனப்பாடமாகத் தெரிந்தது பொழுதுபோக்கில் மறந்துபோகும் என்பதற்கு நானே சாட்சி.

எங்கள் ஊர் மூத்த ஹாம் ஒருவர், ஓய்வுபெற்றவர், போன் செய்தார். "தம்பி, பிடிடியை அமுக்கினா ரேடியோ செத்துப்போகுது." பிடிடி என்பது பேசும்போது அமுக்கும் பட்டன். அவருடையது 100 வாட் எச்எஃப் (சிற்றலை) செட். கேட்கும்போது ஒரு குறையும் இல்லை. பேச ஆரம்பித்தால் டிஸ்ப்ளே மங்கி அணைந்துவிடும். போய்ப் பார்த்தேன். செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை முனையில் 13.8 வோல்ட், ரேடியோ பக்கம் 13.7. ஒயரைக் கழற்றி, எங்காவது அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் கண்டினியூட்டி வைத்தேன், பீப் அடித்தது. "சப்ளைதான் சார் லோடு தாங்கல" என்று தீர்ப்பு சொல்லி, டீயும் குடித்துவிட்டு வந்தேன். மனுஷன் புது எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வாங்கினார். அதிலும் அதே கதை.

மறுபடி போகும்போது கூச்சமாக இருந்தது. லோடு ஏற்றாமல் பேட்டரி வோல்டேஜ் பார்க்கும் பையன்களைத் திட்டுகிறவனே நான்தான். கேட்கும்போது செட் எடுப்பது ஒரு ஆம்பியர் சொச்சம், பேசும்போது 20. பேசும்போது ஏறும் இந்த லோடில் நான் அளக்கவே இல்லை. பீப் சத்தமும் அப்படித்தான். 30 ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் சந்தோஷமாகக் கத்தும்.

இந்த முறை ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சிக்னலை வெளியே விடாமல் சூடாக்கித் தின்றுவிடும் ரெசிஸ்டர்) மாட்டி, கரண்ட் நிலையாக இருக்கும் எஃப்எம்மில் வைத்தேன். ஹாம்கள் வழக்கமாகப் பேசும் எஸ்எஸ்பி முறையில் குரலுக்கேற்பக் கரண்ட் ஏறி இறங்கும், மீட்டர் ஓரிடத்தில் நிற்காது. அவர் பத்து பத்து வினாடியாக அமுக்கினார். சப்ளையில் 13.7, ரேடியோவில் 11.2. செட்டுக்குக் குறைந்தது 11.7 வேண்டும். வழியில் இரண்டரை வோல்ட் காணோம்!

அப்புறம் மீட்டரின் ஒரு ப்ரோபை சப்ளையின் பிளஸ்ஸிலும் இன்னொன்றை ரேடியோவின் பிளஸ்ஸிலும் வைத்தேன்: 1.9. கறுப்பு மைனஸ் ஒயரில் அதேபோல்: 0.6. கறுப்பின் கணக்கு நேர். நாலு மீட்டர் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) ஒயருக்கு 20 ஆம்பியரில் அவ்வளவு விழும். சிவப்பு பிளஸ் ஒயரில் மிச்சம் 1.3 எங்கே? ப்ரோபை நகர்த்திக்கொண்டே வந்தால், ப்யூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மொத்தமாக உட்கார்ந்திருந்தது. தொட்டேன், சுட்டது. சுடாதா பின்னே, 26 வாட். திறந்தால் உள்ளே ஸ்பிரிங் கறுத்து, பிளாஸ்டிக் டிகாஷன் நிறத்தில் உருகியிருந்தது. கடற்கரை ஊர், உப்புக்காற்று செய்த வேலையாக இருக்கலாம்.

6 ஸ்கொயர் ஒயர், ஒன்றரை மீட்டராக வெட்டி, முனையில் லக் வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்து, பிளேடு ப்யூஸ் ஹோல்டர் போட்டேன். இப்போது பேசும்போது ரேடியோ முனையில் 13.4.

"பழைய சப்ளை சும்மாதானே கிடக்குது, எடுத்துக்கோ தம்பி" என்றார். என் ஒர்க்ஷாப் மேசையில் இன்றும் ஓடுகிறது. அவர் அதற்குக் காசு கேட்கவில்லை. புதுசு என்ன விலை என்று நானும் கேட்கவில்லை.