ரெக்கார்டில் யாருக்கும் ரத்தசோகை இல்லை

எங்கள் வீட்டுப் பக்கம் எனக்கு ஒரு பெயர் உண்டு: ஊசி போடாத டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி.யும் வாங்கிவிட்டு, நோயாளியே வராத ஒரு துறையில் உட்கார்ந்திருப்பவளை வேறெப்படிச் சொல்வார்கள்? துறை வாசல் பலகையில் 'உடலியங்கியல்' என்று அழகாக எழுதியிருக்கிறது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அது 'பிசியோ'. 22 வருஷமாக அங்கேதான் இருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் லேப் முழுக்கக் கரி வாடை அடிக்கும். கைமோகிராஃப் உருளையில் தாளைச் சுற்றி, புகையில் காட்டிக் கரியேற்றி, தவளையின் கெண்டைக்கால் தசை துடிப்பதை அதில் கீற வைப்போம். ஜெர்மன் உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847இல் உருவாக்கிய கருவி. நாங்கள் அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடவில்லை. பிறகு மேசையிலிருந்து தவளை போய், கணினித் திரைக்குள் தவளை வந்தது. நான் படித்தபோது ஒன்றரை வருஷமாக இருந்த முதலாண்டுப் படிப்பு 1997 விதிமுறையில் ஒரு வருஷமாகச் சுருங்கியது. 2019இல் வந்த புதிய பாடத்திட்டமோ முதலாண்டிலேயே பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னது. இவ்வளவுக்கும் அசையாமல் நின்றது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைக் கண்டுபிடிக்கும் சாலிஸ் மெத்தட்தான். ஆஸ்பத்திரி லேபில் மெஷின் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவதை, எங்கள் பிள்ளைகள் அரை மணி நேரம் மல்லுக்கட்டிக் கண்டுபிடிப்பார்கள்.

மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு லான்செட்டால் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த சொட்டைப் பிப்பெட்டில் 20 கன மில்லிமீட்டர் கோடு வரை உறிஞ்சி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும் குழாயில் ஊத வேண்டும். 10 நிமிஷம் காத்திருந்தால் ரத்தம் டீ டிக்காஷன் நிறத்துக்கு வரும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும்.

விரலைக் குத்தும் அன்றைக்கு வருஷம் தவறாமல் ஒருத்தராவது மயங்கி விழுவார்கள். பெரும்பாலும் கடைசி பெஞ்சில் ஆறடி உயரத்தில் உட்கார்ந்து சலம்பல் பண்ணிக்கொண்டிருக்கும் பையன். எங்கள் அட்டெண்டர் அண்ணனுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிட்டு, "தம்பி, அப்படியே படு, எந்திரிக்காத" என்பார். ரத்தத்தைக் கண்டதும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைத்து, ரத்தக்குழாய்களும் தளர்ந்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துபோகிறது என்று நான் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுப்பதை, அவர் ஒரு ஸ்டூலை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்துவிடுவார்.

லேபுக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்யும் வேலை, கரும்பலகையில் நார்மல் அளவை எழுதுவது. 100 மில்லி ரத்தத்தில் ஆண் 14 முதல் 18 கிராம், பெண் 12 முதல் 16 கிராம். யோசித்துப் பார்த்தால், விடையை எழுதிப்போட்டுவிட்டுக் கணக்குக் கொடுக்கிற வாத்தியார் வேலை அது.

சில வருஷம் முன்பு ஒரு பெண். அவள் பெயரோ ஊரோ இங்கே வேண்டாம். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவள். கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மேம், எனக்கு ஏழரை வருது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஏழரை என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். நானும் சிரித்தேன். "விரலை அமுக்கிப் பிதுக்கியிருப்ப, ரத்தத்தோட நீரும் கலந்து வந்திருக்கும். பத்து நிமிஷம் வெயிட் பண்ணியிருக்க மாட்ட. போய் மறுபடி பண்ணும்மா."

நான் சொன்னதில் தப்பில்லை. பிப்பெட்டில் காற்றுக் குமிழி புகுந்தாலும், விரலைப் பிதுக்கினாலும், 10 நிமிஷம் பொறுக்காவிட்டாலும் அளவு குறைத்துத்தான் காட்டும். அவள் மறுபடி குத்தினாள். இந்த முறை நானே பக்கத்தில் நின்றேன். சொட்டு தானாகத் திரண்டு வந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் நின்றோம். தண்ணீர் நாலைந்து சொட்டுத்தான் விட்டிருப்பாள், நிறம் ஒத்துப்போய்விட்டது. 7.6.

அப்போதுதான் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. உள்ளங்கை ரேகைகூட வெளுத்துக் கிடந்தது. மூன்று மாதமாக என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெண். மூன்றாவது மாடியில் இருக்கும் லேபுக்கு வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று போனைப் பார்ப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படியேறும்போதுகூட போனை விடுவதில்லை என்று நானே ஒரு தரம் சொல்லியிருக்கிறேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி. அவளுக்கு அதில் பாதிதான். பிறகு எப்படி இத்தனை நாள் நடமாடினாள்? இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டியிருக்கிறது. சிவப்பணுவுக்குள் 2,3-பி.பி.ஜி. என்ற வேதிப்பொருள் கூடி, திசுக்களுக்கு ஆக்சிஜனைத் தாராளமாக இறக்கிவிட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து விடுவதைக் காட்டும் வளைவு வலப்பக்கம் நகரும் என்று கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைவேனே, அந்த வளைவு நகர்ந்துபோய் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு பழைய ரெக்கார்டு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேட்ச். பெண்கள் எல்லாருக்கும் 12.5, 13, 13.5. பையன்களுக்கு 14.5, 15. ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை மையில் என் கையெழுத்து. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதைச் சமூக மருத்துவத் துறையில் பாடமாக நடத்துகிறார்கள். எங்கள் துறையில் இத்தனை வருஷமாக ஒருத்திக்குக்கூட இல்லை! பிள்ளைகள் பொய் எழுதினார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. குறைவாக வந்தவர்களை 'மறுபடி பண்ணு' என்று அனுப்பியது நான். மறுபடி குத்திக்கொள்ளப் பயந்து, பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதினார்கள்.

எங்கள் பாடப்புத்தகங்களில் வாழும் மனிதர் 70 கிலோ எடையுள்ள ஆண். அவருக்கு 5 லிட்டர் ரத்தம். இதயம் நிமிஷத்துக்கு 5 லிட்டர் தள்ளும். அந்தப் பெண் 41 கிலோ. அவள் உடம்பு ரத்தம் மொத்தமும் மூன்று லிட்டரைத் தொடாது. அந்த 70 கிலோக்காரரை மனப்பாடம் பண்ணித்தான் நானும் எம்.டி. வாங்கினேன், அவரைத்தான் இத்தனை பேட்சுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

மெடிசின் ஓ.பி.யில் காட்டினோம். இரும்புச்சத்துக் குறைவு, மாதவிடாயில் அதிகப் போக்கு. பள்ளியில் வாராவாரம் கொடுத்த நீல மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "வயித்தப் புரட்டும் மேம். எல்லாரும் ஜன்னல் வழியா எறிஞ்சிருவோம். ஜன்னலுக்குக் கீழ ஒரு முருங்கை மரம் இருந்துச்சு, அது மட்டும் நல்லா வளந்துச்சு" என்றாள். அவளே சிரித்தாள்.

இந்தத் தடவை எறியவில்லை. மாத்திரை ஆரம்பித்து எட்டாம் நாள் ரெட்டிகுலோசைட் பிராக்டிகல் வந்தது, அமைந்ததுதான், நான் திட்டமிடவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளியேறும் இளம் சிவப்பணுக்கள் அவை. சாயம் ஏற்றினால் உள்ளே நீல நூல் சுருண்டு கிடப்பதுபோலத் தெரியும். வழக்கமாக மைக்ராஸ்கோப்பில் ஒரு ஃபீல்டில் ஒன்றைத் தேடுவதற்குள் கண் வலித்துவிடும். அவள் ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். "கொஞ்சம் தள்ளுங்கப்பா, என் ரத்தம், நான் இன்னும் எண்ணி முடிக்கல" என்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் நார்மல் அளவைப் பலகையில் எழுதுவதில்லை. எல்லாரும் செய்து முடித்த பிறகு அவரவர் எண்ணைப் பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில் வாங்கிக்கொள்கிறேன். 9.8, 11, 14.2, 8.9, 15.6 என்று வருகிறது. காரில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும் 10 வருகிறது, ஒரு பையனுக்கும் வந்தது. குறைந்தவர்களை மறுபடி செய்யச் சொல்வது நிற்கவில்லை, பக்கத்தில் நானும் நிற்கிறேன் என்பதுதான் வித்தியாசம். போன பேட்ச் ரெக்கார்டுகளைத் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், ஆளுக்கொரு வேல்யூ எழுதியிருக்காங்க, டெக்னிக் சரியா சொல்லித்தரலையா?" என்று கேட்டார். விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவருக்குக் காபி வந்துவிட்டது.

அட்டெண்டர் அண்ணனுக்கும் என்மேல் குறைதான். ஆளுக்கு இரண்டு குத்து என்றால் லான்செட்டும் பஞ்சும் இரண்டு மடங்கு ஆகிறதாம். கூடுதலாகக் கேட்டு இண்டெண்ட் போட்டால் ஸ்டோரில் கேள்வி கேட்கிறார்களாம்.