ப்ராப்பர்ட்டி டாக்ஸை மாசாமாசம் கட்டுறது

ஸ்காபரோவில வீடு வாங்கின புதுசில டாக்ஸ் பில் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், ஏனெண்டா மோர்ட்கேஜ், ஹைட்ரோ (கரண்ட் பில்), கார் இன்சூரன்ஸ் எல்லாம் போக ஒரேயடியா அவ்வளவு காசு எடுத்து வைக்கிறது லேசில்லை. பிறகுதான் ரொறன்ரோ சிட்டியின்ர 11 தவணைத் திட்டத்தில சேர்ந்தன். போர்மோட, குறுக்கால வோய்ட் (செல்லாது) எண்டு பேனையால எழுதின செக் ஒண்டு வைச்சு அனுப்பினன், அவ்வளவுதான். பெப்ரவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் ஒவ்வொரு மாசமும் 15ஆம் திகதி அக்கவுண்டில இருந்து தானா எடுப்பினம். ஜனவரியில எடுக்கிறேல்லை, கிறிஸ்மஸ் செலவு முடிஞ்ச கையோட அது எவ்வளவு ஆறுதல் தெரியுமோ!

14ஆம் திகதி இரவு காசு இருக்கோ எண்டு கட்டாயம் அக்கவுண்டைப் பார்ப்பன், பிந்தினா கட்டாத காசுக்கு மாசம் 1.25 வீதம் ஏறும். புதுசா வீடு வாங்கிற ஆக்கள் தயவுசெய்து முதல் வருசமே சேருங்கோ, மோர்ட்கேஜ் குடுத்த பாங்கே டாக்ஸையும் சேர்த்துக் கட்டுதெண்டா மட்டும் தேவையில்லை.