மருந்து எடுக்காத வீட்டில் இன்சுலின்: குழந்தைகள் நலக் குழு வரை போய் வந்த கதை

அக்கா மகளுக்கு டைப் 1 சர்க்கரை. நாலாம் வகுப்பு படிக்கிறாள். அத்தான் மருந்தே எடுக்காத சபை. தெய்வீக சுகம் மட்டும்தான், தலைவலி மாத்திரைகூட வீட்டுக்குள் வராது. வாந்தியும் மூச்சிரைப்புமாகப் பிள்ளை சுருண்டபோது அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டிரிப், இன்சுலின், ஐசியூ என்று பிழைத்துக்கொண்டாள். சண்டை அதற்கப்புறம்தான்.

அத்தான் சபை ஊழியரோடு வந்து டிஸ்சார்ஜ் கேட்டார். "இவ உடம்புல இன்சுலின் சுரக்காதுய்யா. ஊசியை நிறுத்தினா திரும்பவும் இதே நிலைமைதான். அடுத்த தடவை காப்பாத்த முடியும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதோடு அத்தான் நிறுத்திக்கொண்டார். நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். ஜெபத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிப்போகிறோம் என்று தகப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டால் தங்களால் பிடித்துவைக்க முடியாது என்றார்கள். தாய்மாமன் உரிமையெல்லாம் கல்யாண வீட்டோடு சரி, அங்கே என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அக்கா ஒரு காரியம் செய்தாள். 'டிஸ்சார்ஜுக்கு நான் சம்மதிக்கவில்லை' என்று வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டு, கேஸ் ஷீட்டோடு வைக்கச் சொன்னாள். அந்த ஒரு தாள்தான் எங்களுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது.

போலீஸ் ஸ்டேஷனில், "மத விஷயம் சார், அது அவர் உரிமை. குடும்பத்துக்குள்ள பேசி முடிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மனு ரசீதும் தரவில்லை. நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், நன்றாகவே பேசினார்கள்.

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் ஆணை போடும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்குத்தான். அது கலெக்டர் ஆபீஸில் இருக்கும் என்று யாரோ சொல்ல, அங்கே போனால் அது வேறு கட்டடம். தேடிப் பிடித்தால் கிளார்க், "பிள்ளையை நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார். கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையை! அப்புறம் பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் கேட்டார். அது அத்தான் பீரோவில் பூட்டிக்கிடக்கிறது. பள்ளி ஹெட்மாஸ்டரிடம் பிறந்த தேதியோடு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். வயதுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் அதற்குத்தான் முதலிடம் என்று ஒரு உறுப்பினர் சொன்ன பிறகு கிளார்க் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் கடிதமும் முதலில் உதவவில்லை. 'டைப் 1, இன்சுலின் தொடரவும்' என்று ஒற்றை வரி. அதை வைத்து யார் என்ன ஆணை போடுவார்கள்? 'இன்சுலின் நின்றால் உயிருக்கு ஆபத்து, மாற்று மருந்து கிடையாது' என்று லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணும் முத்திரையுமாகக் கேட்டு வாங்குங்கள். குழு அன்றைக்கு உட்காரவில்லை என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும், அமராத நாளில் தனி உறுப்பினர் ஒருவரிடமே குழந்தையின் விஷயத்தைக் கொண்டுபோகலாம் என்பது சட்டம். நாங்கள் அப்படித்தான் உள்ளே நுழைந்தோம்.

விசாரணைக்கு அத்தான் வேதப்புத்தகத்தோடு வந்தார். மத சுதந்திரம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது என்றார். தலைவர் அம்மா மறுக்கவில்லை. 25-வது பிரிவை எடுத்து, பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டுத்தான் அந்த உரிமை என்ற வரியைப் படித்துக் காட்டினார். "நீங்க மருந்து எடுக்காம இருங்க, உங்க இஷ்டம். பிள்ளை இன்னும் அந்த முடிவை எடுக்கல" என்றார். அத்தான் புத்தகத்தின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பிள்ளையைப் பிரிக்கவில்லை. வீட்டிலேயே இருக்கலாம், ஊசி தவறக்கூடாது, அக்கா பொறுப்பு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து பார்ப்பார்கள் என்று ஆணை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான் அக்கா ஆரம்பத்தில் புகாருக்கே தயங்கினாள்.

இன்சுலின் இப்போது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. அத்தான் தன் வீட்டில் வைக்கச் சம்மதிக்கவில்லை. கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் உறைந்தால் வீண். ஆணையின் நகலில் ஒன்றைப் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட இடம் கேட்டுப் போனால் அங்கேயும் ஒரு கிளார்க் இருப்பார்.