போர்டுக்கு வந்து சேராத ஐந்து வோல்ட்

பின்கதவைத் திறந்ததும் ஆர்கேட் மெஷின், அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி, அணைந்துவிடும். கதவோரம் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் தண்டைப் பிடித்து வெளியே இழுத்து வைத்தால்தான் கதவு திறந்த நிலையிலும் கரண்ட் வரும். மெக்கானிக்குக்காக, இதைத் தயாரித்த அடாரி கம்பெனிக்காரர்கள் செய்து வைத்த ஏற்பாடு. இது தெரியாமல் முதல் நாள் அரை மணி நேரம், ஒரு குறையும் இல்லாத ஃபியூஸ்களைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

மெஷின் சென்டிபீட். 1981ல் அடாரி வெளியிட்டது, டோனா பெய்லியும் எட் லாகும் சேர்ந்து உருவாக்கிய ஆட்டம். போன மார்ச்சில் அமெரிக்காவில், பிளேனோவில் எங்கள் வீட்டு கராஜுக்கு வந்து சேர்ந்தது. விற்றவரிடம் ஓடுமா என்று கேட்டேன். "சில சமயம் ஓடும்" என்றார். பொய் சொல்லவில்லை. ஆன் செய்தால் காளான்கள் தெரியும், பூச்சி இறங்கி வரத் தொடங்கும், ஒரு நிமிஷம் ஆவதற்குள் திரை வெட்டி முதலிலிருந்து தொடங்கும். இதற்கு நடுவே மங்கலான ஒரு பட்டை திரையில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். புரோக்ராம் தடுமாறினால் ப்ராசஸரைத் தட்டி எழுப்ப போர்டில் வாட்ச்டாக் என்று ஒரு சர்க்யூட் உண்டு. அதுதான் திரும்பத் திரும்ப ரீசெட் அடிக்கிறது என்பது வரை எனக்கே புரிந்தது. 6502 என்ற அந்த ப்ராசஸர் சிப் போய்விட்டது என்று முடிவு கட்டி விலை பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

நல்லவேளை, ஆர்டர் போடுவதற்கு முன் சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கும்பகோணத்தில் முப்பது வருஷம் டிவி மெக்கானிக் கடை வைத்திருந்தவர். ஆர்கேட் மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. "பட்டை ஓடுதுன்னா சப்ளைல ரிப்பிள்டா. மெயின் கண்டன்சர் எங்க இருக்கு, காட்டு" என்றார். ரிப்பிள் என்றால் டிசியில் மிச்சமிருக்கும் ஏசி அலைவு; அதை அடக்குவது கண்டன்சரின் வேலை. கேபினட்டின் அடியில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் சோடா டின் மாதிரி நீல உறையில் நின்றது. 27,000 மைக்ரோஃபாரட், 15 வோல்ட். அமெரிக்காவில் இந்த மெஷின்களை வைத்திருப்பவர்கள் அதற்கு வைத்த பெயரே 'பிக் ப்ளூ'.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஏசி இங்கே டிசியாக மாறி, சுமார் 10.3 வோல்ட்டாக, வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் போர்டுக்குப் போகிறது. அங்கே 2என்3055 டிரான்சிஸ்டர் வழியாக 5 வோல்ட்டாகிறது. மீட்டரை ஏசி நிலையில் வைத்துக் கண்டன்சரின் இரு முனையிலும் பார்த்தேன்: 1.6 வோல்ட். 120 வோல்ட் லைன் திறந்து கிடக்கும் இடம் என்பதால் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். பிக்சர் டியூப் பக்கம் போகவே இல்லை. அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். கண்டன்சரில் இருக்கும் பத்து வோல்ட் சொச்சம் ஆளை அடிக்காதுதான். ஆனால் திருப்புளி தவறி இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் அங்கேயே பற்ற வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். பழையதை டிஸ்சார்ஜ் செய்து கழற்றி, முனை மாறாமல் புதிதை மாட்டினேன். ரிப்பிள் 0.4க்கு இறங்கியது. பட்டை காணாமல் போயிற்று.

ரீசெட் மட்டும் போகவில்லை.

அடுத்து நான் செய்தது சுத்த முட்டாள்தனம். ரெகுலேட்டர் போர்டிலேயே 5 வோல்ட் பாயின்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், 5.71 காட்டியது. ஐயோ, ஜாஸ்தி வருகிறதே என்று பதறி, அட்ஜஸ்ட்மென்ட்டைத் திருகிச் சரியாக 5.00க்குக் கொண்டுவந்தேன். ஒரு நிமிஷமாவது ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் அதோடு ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

"நீ கடையில எடை போட்டுப் பாத்துட்டு, வீட்டுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு பாக்கல. போர்டுல என்ன இருக்குன்னு பாரு, லோடு இருக்கும்போதே, ஆட்டம் ஓடும்போதே பாரு" என்றார் சித்தப்பா.

திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து கேம் போர்டில் வைத்துப் பார்த்தேன். 4.72! போர்டு முழுக்க இருக்கும் டிடிஎல் வகை லாஜிக் சிப்புகளுக்கு 4.75க்குக் கீழே போகக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. எங்கே என்று தேட சித்தப்பா சொன்ன வழி இது: மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் 5 வோல்ட்டிலும் மறு முனையை கேம் போர்டின் 5 வோல்ட்டிலும் வை. வயரும் கனெக்டரும் ஒழுங்காக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். எனக்கு 0.67 வந்தது. கிரவுண்டுக்கும் அப்படியே பார்த்தேன், 0.32. பெரும்பாலானோர் கிரவுண்டைச் சோதிப்பதே இல்லை. நானும் விட்டிருப்பேன்.

அடாரியின் வடிவமைப்பில் இதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. சென்ஸ் என்று இரண்டு மெல்லிய வயர்கள் கேம் போர்டுக்குப் போய், அங்கே எவ்வளவு வோல்ட் சேர்ந்தது என்று ரெகுலேட்டருக்குத் திரும்பச் சொல்லும். குறைந்தால் ரெகுலேட்டர் கூட்டிக் கொடுக்கும். நான் 'ஜாஸ்தி' என்று நினைத்த 5.71 அப்படிக் கூட்டிக் கொடுத்ததுதான். ஆனால் சென்ஸ் வயரும் அதே அழுக்குப் பிடித்த கனெக்டர் வழியாகத்தானே போக வேண்டும்? அது சொன்ன கணக்கும் அரைகுறை. 5 வோல்ட் பின் மொத்தமாகத் தொடர்பு விட்ட நேரங்களில் சென்ஸ் பக்கத்துச் சின்ன ரெசிஸ்டர்தான் சுமை தாங்கியிருக்கிறது. ஆர்29 என்று அச்சிட்ட இடத்தில் கலர் பட்டையே தெரியாத அளவுக்குக் கருகியிருந்தது.

கேம் போர்டில் மாட்டும் எட்ஜ் கனெக்டரைக் கழற்றினால், 5 வோல்ட் பின் இருக்கும் மூலை மட்டும் தீய்ந்த அப்பளத்தின் நிறம். உள்ளே பின்களில் பிடிப்பே இல்லை. போர்டின் ஓரத்தில் கனெக்டர் கவ்வும் உலோகப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். பழைய பின்களை நெம்பிச் சரிசெய்யப் பார்க்காமல் கனெக்டரையே மாற்றினேன். ரெகுலேட்டர் போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மூன்று பின்களைச் சுற்றி மயிரிழை வட்டமாக விரிசல், அசல் டிரை சோல்டர், அதாவது ஈயம் பிடிப்பு விட்டது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன். கருகிய ரெசிஸ்டரையும் அதன் ஜோடியையும் அதே மதிப்பில் மாற்றினேன்.

சென்ஸ் வயரை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. ரெகுலேட்டரையே தூக்கிவிட்டு கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் சப்ளை போடச் சொல்பவர்களும் உண்டு. குற்றம் கனெக்டர் மேல் இருக்கும்போது அதற்கு மேலே என்ன சப்ளை வைத்தாலும் அந்த மூலை தீய்ந்துகொண்டுதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது ரெகுலேட்டரில் 5.16, போர்டில் 5.03. ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க என் பையன் டிராக்பாலை உருட்டி விளையாடிய பிறகும் அதே எண்கள். பின்கதவின் உள்பக்கம் பழைய ஆபரேட்டர் யாரோ பென்சிலில் ஃபியூஸ் மாற்றிய தேதிகளை வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். அதற்குக் கீழே மாஸ்கிங் டேப் ஒட்டி இந்த இரண்டு எண்களையும் எழுதினேன், எந்த எண் எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்து.